அப்பாவிடம் போட்ட கடைசிச் சண்டை

கேள்வி: நான் மதுரையில் அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 44. என் அப்பா கடந்த தை மாதம் தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து இறந்துவிட்டார். 77 வயது. சர்க்கரை உண்டு, ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர். மேலூர் பக்கம் எங்கள் ஊரில் அவர் பழைய கட்சிக்காரர். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அவர் வாங்கிய கட்சிப் பத்திரிகையில்தான். நாங்கள் பேசினால் அரசியல்தான், அரசியல் பேசினால் சண்டைதான்.

பொங்கலன்று இரவு போனில் பழைய ஓய்வூதியத் திட்டம் பற்றிப் பேச்சு வந்தது. நான் 2003-க்குப் பிறகு வேலைக்கு வந்தவள், எனக்கு அது கிடையாது. “ஆட்சிக்கு வந்து மூணு வருஷம் ஆகப்போகுது, உங்க ஆளுங்க என்ன செஞ்சாங்க?” என்றேன். “செய்வாங்கம்மா, பொறுமையா இரு” என்றார். “நீங்க கட்சிக்குத்தான் அப்பா, எனக்கில்ல” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் பேசவே இல்லை. தினமும் காலையில் தலைவர் படம் போட்ட காலை வணக்கம் வாட்ஸப்பில் வந்தது. நான் பதில் போடவில்லை. நான்காம் நாள் விடிகாலையில் அம்மாவிடமிருந்து போன்.

இறுதிச் சடங்கில் கட்சிக்காரர்கள் கொடி போர்த்தினார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி அதை எடுத்துவிட்டான். அவன் வேறு கட்சி ஆதரவாளன். எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

இப்போது 2024 மக்களவைத் தேர்தல். எனக்குத் தேர்தல் பணி போட்டிருக்கிறார்கள். ஊரில் பூத் சிலிப் கொடுத்தபோது அப்பா பெயருக்கும் ஒன்று வந்ததாம். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். வாசல் வேம்பு பூத்துக் கொட்டுகிறது. அப்பா இருந்தால் ராத்திரி பழைய வேட்டியை மரத்தடியில் விரித்து, காலையில் பூவை அள்ளிக் காயவைத்து எனக்கும் ஒரு டப்பா கொடுத்தனுப்புவார். இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை, பூவும் வேண்டாம் என்கிறார் அம்மா. போன வாரம் அங்கே போனபோது அந்த வாசனையில் ஒரு நிமிஷம் மனசு லேசானது. உடனே என் மேலேயே வெறுப்பு வந்தது. நெட்டில் துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று போட்டிருக்கிறது. நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்? வாக்குச்சாவடியில் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் பேசியதுதான் அவரைக் கொன்றதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது மனதில் கிடக்கும்வரை மற்ற எதுவும் உங்கள் காதில் ஏறாது.

கோபத்துக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான். நீங்களே தேடிப் பார்த்திருப்பீர்கள், அதனால் அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் சொல்வது, கடுமையான கோபம் வெடித்த அடுத்த சுமார் 2 மணி நேரத்தைப் பற்றி. உங்கள் அப்பா இறந்தது நான்காம் நாள், தூக்கத்தில். பல வருஷச் சர்க்கரையும் ஸ்டென்ட் வைத்த இதயமும் உள்ள 77 வயதுக்காரர் அவர். தவிர, அன்றைக்குக் கோபப்பட்டது யார்? நீங்கள். அவர் “பொறுமையா இரு” என்று சொன்னவர். நான் உளவியலாளர், இதய மருத்துவர் அல்ல. ஆகவே அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் ஒருமுறை நேரில் போய் இதே கேள்வியைக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, இப்படிக் கேட்டு வருகிற பிள்ளைகளை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

கொன்றது அந்தப் பேச்சு இல்லை. சரி, அப்புறம் ஏன் அது இன்னும் குத்துகிறது? இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

“நீங்க கட்சிக்குத்தான் அப்பா” என்பது கடுமையான வார்த்தை. அதைச் சாதாரணம் என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் இன்றைக்கும் உயிரோடு இருந்திருந்தால் அந்த வார்த்தை என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். தை கழிந்து மாசியில் பட்ஜெட் வந்திருக்கும், அதில் ஓய்வூதியம் பற்றி ஒன்றுமில்லை என்று நீங்கள் மறுபடி கூப்பிட்டுக் கத்தியிருப்பீர்கள். பொங்கல் சண்டை உங்கள் இருவருக்குமே மறந்துபோயிருக்கும். அதற்கு முந்தைய தீபாவளிக்கு என்ன சண்டை போட்டீர்கள் என்று இப்போது சொல்ல முடியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்துச் சாவு வந்ததால்தான் இந்தச் சண்டைக்கு மட்டும் இவ்வளவு கனம். சாவு வரப்போகிறது என்று தெரிந்து நீங்கள் பேசவில்லை. அவரும் அப்படி நினைத்துக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 1967 தேர்தலில் அவருக்கு ஏறக்குறைய 21 வயது. அன்றைக்கு வாக்களிக்கும் வயதும் அதுதான், 18 ஆனது 1989-இல். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு ஊரெல்லாம் ஓடிய தேர்தல் அது. அந்தத் தலைமுறை ஆட்களுக்குக் கட்சி என்பது ஓட்டுப் போடும் நாளோடு முடிகிற விஷயம் இல்லை. படிப்பகத்தில் உட்கார்ந்து பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பது, டீக்கடையில் எதிர்க்கட்சிக்காரனோடு மல்லுக்கட்டுவது, பிறகு அவன் வீட்டுக் கல்யாணத்துக்கே போய் மொய் எழுதுவது என்று வளர்ந்தவர்கள். எதிர்த்துப் பேசுகிறவனைப் பகையாக எண்ணாத பழக்கம் அவர்களில் பலருக்கு இருந்தது. அந்த மனிதர்தான் கட்சிப் பத்திரிகையைக் கையில் கொடுத்து மகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். மகள் படித்தாள், வேலைக்குப் போனாள், அவருடைய கட்சியையே கேள்வி கேட்டாள். அவருக்கு வருத்தம் இருந்திருக்கலாம். பெருமையும் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரிவது நீங்கள் எழுதியது மட்டும்தான்: சண்டைக்கு அடுத்த நாள் காலையும் அவர் உங்களுக்கு வணக்கம் அனுப்பியிருக்கிறார். அதற்கடுத்த நாளும். நீங்கள் பதில் போடாததைக் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அனுப்புவதை நிறுத்தவில்லை என்பதை ஏனோ கணக்கில் சேர்க்கவில்லை.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் செய்யச் சொல்லும் ஒரு காரியம் உண்டு. உங்களுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு நோட்டு எடுத்து அந்தச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எழுதுங்கள். மன்னிப்புக் கடிதம் வேண்டாம், அது உங்கள் இருவருக்கும் பழக்கமில்லாத பாஷை. “எனக்கில்ல” என்று நீங்கள் சொன்னதும் அவர் என்ன சொல்லியிருப்பார்? அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். பிறகு உங்கள் பதில். பிறகு அவர். இத்தனை வருஷம் அவரோடு வாதாடியவருக்கு அவர் குரல் வராமல் போகாது. நடுவில் கோபம் வந்தால் கோபமாகவே எழுதுங்கள், ஓய்வூதியத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இறந்தவரோடு உள்ள பந்தத்தை அறுத்துவிட்டு முன்னேறுவதுதான் தேறுதல் என்று என் துறையில் நெடுங்காலம் நினைத்தார்கள். 1990-களுக்குப் பிறகு அந்த எண்ணம் மாறியது. பந்தம் வேறு உருவத்தில் தொடர்வது இயல்புதான், பலருக்கு அது நல்லதும்கூட என்று இப்போது பரவலாக ஒத்துக்கொள்கிறோம். திதி கொடுத்து, படம் வைத்து, பெயரனுக்குப் பெயர் வைத்துப் பழகிய நமக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றாது.

ஐந்து கட்டம் பற்றிக் கேட்டீர்கள். அதை 1969-இல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர். சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்த நோயாளிகளிடம் பேசி அவர் எழுதியது அது. பின்னால் வந்தவர்கள் அதை எல்லாத் துக்கத்துக்கும் மாட்டிவிட்டார்கள். நீங்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை, தேர்வு எழுதி அடுத்த வகுப்புக்குப் போகிற காரியமும் இது இல்லை. நடைமுறையில் நான் பார்ப்பதற்கு நெருக்கமாக இருப்பது, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ட்ரோபே, ஷுட் இருவரும் 1999-இல் முன்வைத்த விளக்கம். துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார், அந்தப் போய்வருதல்தான் ஆரோக்கியம் என்பது அதன் சாரம். காலையில் அப்பா நினைப்பில் அழுதுவிட்டு, பத்து மணிக்கு வகுப்பில் பிள்ளைகளோடு சிரித்துவிட்டு, மாலையில் மறுபடி அழுதால் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

வேப்பம்பூ விஷயமும் இதுதான். வாசனை மூளையில் போகும் வழி, பார்வையும் ஒலியும் போகும் வழியிலிருந்து கொஞ்சம் வேறு. மற்ற புலன்களின் செய்தி இடையில் ஒரு நிலையத்தில் நின்று பிறகு போகும். மணம் மட்டும் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகப் போய்விடும். அதனால்தான் யோசிப்பதற்கு முன்பே மனசு லேசாகிவிட்டது. அந்த லேசு எங்கிருந்து வந்தது? அப்பா வேட்டி விரித்த இத்தனை பங்குனிகளிலிருந்து வந்தது. அவர் மேல் உள்ள பிரியம்தான் அது. அதற்காக உங்களையே வெறுத்துக்கொண்டால் எப்படி?

இங்கே ஒரு சின்ன எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். வசந்தத்தையும் துக்கத்தையும் பற்றிக் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதுவதை அப்படியே பகிர்கிறார்கள். பனி உருகும், உறைந்த மண் துளிர்க்கும், உங்கள் மனமும் துளிர்க்கும் என்று. நம் ஊர் இளவேனில் அப்படியா வருகிறது? வெயில் ஏறிக்கொண்டே இருக்கும்போது, வைகை மணல் சுடும்போது, புங்கமும் வேம்பும் பூக்கின்றன. மாவடு விழுகிறது. குயில் விடியாத நேரத்தில் உயிரை வாங்குகிறது. மே 4 வந்தால் கத்திரி. பூவும் கசப்பு, வெயிலும் கொடுமை, ஆனாலும் அது நமக்குப் பிடித்த காலம். உங்கள் மனசு மலர்ந்தே தீர வேண்டும் என்று இந்தப் பருவம் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை.

பண்டிகை இல்லை என்ற அம்மாவின் முடிவில் தலையிடாதீர்கள். வருஷம் திரும்பும்வரை அப்படி இருப்பதில் பலருக்கு ஆறுதல் இருக்கிறது. சந்தோஷமாக இருப்பதுபோல் நடிக்கும் வேலை மிச்சமாகிறதே. ஆனால் பூ அள்ளிக் காயவைப்பது பண்டிகை அல்ல. ஏப்ரல் 14 அன்று பச்சடி வைக்காவிட்டால் போகிறது, காய்ந்த பூ வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். “அப்பா மரத்துப் பூ வீணாப் போகுதும்மா, நான் வந்து அள்ளிக்கவா?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பூத் சிலிப் பற்றி. இறந்தவர் பெயருக்குச் சிலிப் வந்தது யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. பெயரை நீக்கக் கேட்கும் படிவம் 7-ஐக் குடும்பத்தினர் கொடுக்காவிட்டால் பெயர் பெரும்பாலும் பட்டியலிலேயே நிற்கும். வேட்புமனுத் தாக்கல் முடியும் நாளோடு இந்தத் தேர்தலுக்கான பட்டியலும் இறுதியாகிவிடும், அது மார்ச் 27 அன்றே முடிந்தது. எனவே அவசரமில்லை, தேர்தலுக்குப் பிறகு இறப்புச் சான்றிதழின் நகலோடு கொடுத்தால் போதும். இப்போதைக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று அவர்கள் தனிப் பட்டியல் வைத்திருப்பார்கள். தேர்தல் பணிக்குப் போகிற உங்களுக்கு இதெல்லாம் பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள், ஆனால் தன் வீட்டுக்கு என்று வரும்போது தெரிந்ததும் மறந்துபோகும். படிவம் கொடுத்தால் அப்பாவை அழித்துவிடுவோமோ என்று தோன்றலாம். அம்மாவின் பெயருக்குக் கீழே கணவர் பெயராக அவர் இருப்பார், அங்கிருந்து யாரும் நீக்க மாட்டார்கள். சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் சிலிப் அங்கேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 19. வாக்குப்பதிவு 7 மணிக்கு. மாதிரி வாக்குப்பதிவுக்கு நீங்கள் 5.30-க்கே தயாராக இருக்க வேண்டும். முதல்நாள் இரவு சாவடியிலேயே தங்கியிருப்பீர்கள், தூக்கம் சரியாக இருக்காது. தூக்கமில்லாத உடம்புக்கு அழுகை சீக்கிரம் வரும், அதற்கு மனபலவீனம் என்று பெயர் வைக்காதீர்கள். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கைத்தடியோடு உள்ளே வந்து கைவிரலை நீட்டுவார். அப்பா ஞாபகம் வரும். வரட்டும். முதல்நாளே வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம், “எங்கப்பா தவறி மூணு மாசம்கூட ஆகலை, நடுவுல அஞ்சு நிமிஷம் எழுந்து போனா தப்பா நினைக்காதீங்க” என்று சொல்லி வையுங்கள். பெயரை உரக்கப் படிக்கும் முதல் அலுவலர் வேலையைவிட மை வைக்கும் வேலை உங்களுக்குச் சுலபமாக இருக்குமென்றால் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள், வாக்குப்பதிவு நின்றுவிடாது. பணி ஆணையோடு உங்கள் ஓட்டுக்கான சான்றிதழையும் வாங்கிவிட்டீர்களா பாருங்கள். அவர் மகள் ஓட்டுப் போடாமல் இருப்பதா?

உங்கள் அன்றாடம் ஓரளவு நடக்கிறது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. மூன்று மாதத்துக்குள் இந்த வலி இயல்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி ஆறு மாதத்துக்கு மேலும் துக்கம் இதே வேகத்தில் நின்று அன்றாடத்தை முடக்கினால்தான் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறோம், அதற்குச் சிகிச்சையும் உண்டு. ஆனால் வாழ வேண்டாம் என்ற எண்ணம் எப்போது தலைகாட்டினாலும் ஆறு மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது. டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும், தமிழில், இலவசமாகப் பேசலாம்.

தம்பி விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அவர் பக்கத்தை நான் கேட்கவில்லை. ஒரே அப்பாவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு அப்பாக்கள் இருப்பார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் அப்பா பத்திரிகை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர். மாநாடு, மறியல் என்று வீட்டில் இல்லாத அப்பா ஒருவர் தம்பிக்கு இருந்திருக்கலாம். கடைசி அரை மணி நேரமாவது அவர் கட்சிக்காரராக இல்லாமல் அப்பாவாகக் கிடக்கட்டும் என்று தோன்றியிருக்கலாம். நீங்கள் போனில் சொன்ன வார்த்தையும் தம்பி கையால் செய்ததும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. கொடி வழக்கை இப்போது எடுக்காதீர்கள். அது வருஷத் திவசம் வரைக்கும் கூடக் காத்திருக்கும்.

கடைசியாக உங்கள் அம்மா. இவ்வளவு நீளக் கடிதத்தில் அவர் மூன்று இடத்தில்தான் வருகிறார்: விடிகாலையில் போன் செய்தார், சிலிப்பைச் செருகினார், பூ வேண்டாம் என்றார். நிமிர்ந்து பார்த்தால் நீங்களும் தம்பியும் அப்பாவைப் பங்கு போட்டுச் சண்டை பிடிப்பதுதான் அவருக்குத் தெரியும். இந்த மாதம் அவருக்கு எந்த நாள் கனமாக இருக்கும் தெரியுமா? ஏப்ரல் 14 இல்லை, 19-ம் இல்லை. ஏப்ரல் 21, மீனாட்சி திருக்கல்யாணம். மதுரைப் பக்கத்தில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் அன்றைக்குத் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வார்கள். உங்கள் அம்மாவும் வருஷாவருஷம் மாற்றியிருப்பார். இந்த வருஷம் அந்த நேரத்தில் டிவியில் எல்லாச் சேனலிலும் கல்யாணம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் அந்த வீட்டில் தனியாக இருக்கக் கூடாது.

2019-இல் தேரோட்டமும் வாக்குப்பதிவும் ஏப்ரல் 18 அன்று ஒரே நாளில் வந்து, மதுரைத் தொகுதிக்கு மட்டும் இரவு 8 மணி வரை நேரம் நீட்டித்தார்கள், நினைவிருக்கும். அன்றைக்கு அம்மாவைச் சாவடிக்குக் கூட்டிப்போக அப்பா இருந்தார். இந்த முறை நீங்கள் எங்கேயோ ஒரு சாவடியில் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். பெங்களூரில் வாக்குப்பதிவு 26-ஆம் தேதிதான். தம்பியின் ஓட்டு இன்னும் ஊரில் இருந்தால் 19-ஆம் தேதி அவர் வந்தே ஆக வேண்டும், அங்கே மாற்றிவிட்டார் என்றாலும் வர முடியும். அவருக்குப் போன் செய்யுங்கள். கொடியும் வேண்டாம், கட்சியும் வேண்டாம். “வெள்ளிக்கிழமை அம்மாவை ஓட்டுப் போடக் கூட்டிட்டுப் போறியா? நான் சனிக்கிழமை வந்துடுறேன். ஞாயித்துக்கிழமை முழுக்க ரெண்டு பேரும் அம்மாகூட இருப்போம்” என்று கேளுங்கள். அவர் அக்கா தம்பி நியாயம், கட்சி நியாயம் எதையாவது இழுத்தால், “அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், டிக்கெட் போட்டியா?” என்று மட்டும் கேளுங்கள். அழகர் திருவிழா நேரம், 23 அன்று அழகர் ஆற்றில் இறங்குகிறார். பேருந்தில் இடம் கிடைக்காது, இன்றைக்கே பேசிவிடுங்கள்.